முன்பக்கத்துச் சத்தம்

மாத்தளை டவுனைத் தாண்டி எல்கடுவப் பக்கம் ஏறுகிற ரோட்டில், இரண்டாவது மதகுக்கு அடுத்தாற்போல் மெக்கானிக் நோபர்ட் பாஸின் கராஜ் இருந்தது. கராஜ் என்று பெயர்தானே தவிர, வீட்டு முற்றத்தில் நாலு கம்பம் நட்டுத் தகரம் போட்ட கொட்டகை. டவுனில் வைத்திருந்த கராஜ் எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் எரிந்துபோன பிறகு போட்டது. எதிர்ப்புறம் கொக்கோத் தோட்டம். ஐப்பசி பிறந்துவிட்டால் பகல் இரண்டு மணிக்கெல்லாம் மலைப்பக்கமிருந்து மழை இறங்கிவிடும். தகரத்தில் மழை விழும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதுகூடக் கேட்காது.

ஆனால் நோபர்ட்டுக்கு மட்டும் இஞ்சினுக்குள் நடப்பது கேட்கும் என்று ஊரில் பேச்சு. பழைய இங்கிலீஷ் கார் வைத்திருந்தவர்கள் நாவுலயிலிருந்தும் பல்லேபொலயிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். நீளமான ஸ்குரூ ட்ரைவரின் நுனியை இஞ்சினில் ஊன்றி, மரப்பிடியைக் காதோரத்து எலும்பில் வைத்துக் கண்ணை மூடுவார். அரை நிமிஷம். பிறகு நிமிர்ந்து கோளாறைச் சொல்வார். அவர் சொன்னது தப்பியதாக யாரும் சொன்னதில்லை.

எண்பத்தைந்தாம் வருஷத்து ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை, முத்துவீரனின் மொரிஸ் மைனர் அந்த முற்றத்துக்குள் உருண்டு வந்து நின்றது. ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் கார். சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசைகளில் இருந்த சனங்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் அந்தக் கார்தான். முத்துவீரன் தோட்டத்து லொறியில் கிளீனராக இருந்து ஓட்டப் பழகியவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்தக் காரை வாங்கி, தோட்டத்து வேலைப் பதிவில் பேரை வெட்டிக்கொண்டு வாடகைக்கு ஹயர் ஓட வந்தான். அவன் மனைவி காத்தாயி இன்னமும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா இந்தச் சத்தம் பாஸ்," என்றான். "காரை நிப்பாட்டி இஞ்சின ஓட விட்டா டொக்கு டொக்குங்குது. ராவுல படுத்தாலும் காதுக்குள்ளயே கெடக்கு."

நோபர்ட் பொனட்டைத் திறந்து, ஸ்குரூ ட்ரைவரை இஞ்சினின் அடிப்பக்கத்தில் ஊன்றினார். வழக்கமாக அரை நிமிஷம் எடுப்பவர் அன்றைக்கு ஐந்து நிமிஷம் குனிந்தே நின்றார். இரண்டு தடவை கையால் பிடியைத் தடவிப் பார்த்தார்.

"பிக் என்ட் போச்சு," என்றார். "மூணாம் நம்பர் சிலிண்டர்ல, பிஸ்டன் தண்டு கிராங்கப் புடிக்கிற எடம். இஞ்சினை எறக்கணும். கிராங்கைக் கண்டிக்கி அனுப்பிக் கடையணும். சாமான் கெடைக்கிறதப் பொறுத்து ஒரு மாசம், ஒண்ணரை மாசம் ஆகும்."

முத்துவீரன் காருக்குப் பக்கத்தில் குனிந்தான். காரின் மட்கார்டில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் சுரண்டினான்.

"ஒண்ணரை மாசம் காரில்லாம நான் என்னா பண்றது பாஸ்? இதுல ஓடுனாத்தான் அடுப்பு எரியும். நாவுல பொன்னையா ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்காரு. பழைய சாமானுக்கு வெட்டுறதுக்கு எடுப்பாரு. இருக்குற மாதிரியே குடுத்துர்றேன். சனிக்கெழம அவரக் கூட்டியாறேன். நான் மறுபடி பேர் பதிஞ்சிக்கிட்டு மலைக்கிப் போறேன்."

மலைக்குப் போவது என்றால் தோட்டத்துக் கூலி வேலைக்குத் திரும்புவது. அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே பஸ்ஸுக்கு நடந்தான்.

தேத்தண்ணி கொண்டுவந்த சவரியம்மா, நோபர்ட்டின் மனைவி, கையில் கித்துள் கருப்பட்டித் துண்டோடு அங்கேயே நின்றாள். அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது. கலியாணத்துக்கு முன்னால் பதினோரு வருஷம் எல்கடுவத் தேயிலை ஃபேக்டரியில் சல்லடை மெசினுக்குப் பக்கத்தில் நின்றவள். காதில் விழுந்த சத்தத்துக்கும் புருஷன் சொன்ன கோளாறுக்கும் ஒட்டவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இருபத்து நாலு வருஷத்தில் சத்த விஷயத்தில் அவர் தப்பிப்போய் அவள் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை நோபர்ட், விற்குமுன் ஒருதரம் திறந்து பார்த்துவிட நினைத்து, காரின் அடியில் எண்ணெய் பிடிக்கத் தகர டின்னை வைத்துக்கொண்டிருந்தார். சவரியம்மா அவருக்குப் பின்னால் நாலடி தள்ளி வந்து நின்றாள்.

"ஏங்க, அடுப்புல சோறு தீயுது."

அவர் டின்னைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏங்க. சோறு தீயுதுங்கிறேன்."

அவர் திரும்பவில்லை. அவள் சுற்றிப்போய் அவர் முகத்துக்கு நேரே குந்தினாள்.

"இப்ப நா என்னா சொன்னேன்?"

அவர் அவளுடைய வாயைப் பார்த்தார். "தேத்தண்ணி வேணுமான்னு கேட்ட."

"சோறு தீயுதுன்னேன். ரெண்டு தடவ."

"தீயுதா?"

"தீயல. சோறே வைக்கல இன்னும்."

நோபர்ட் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். எண்ணெய்த் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அவள் அவசரப்படுத்தவில்லை.

"எடது காது டவுன் எரிஞ்ச அன்னைக்கி அடி வாங்குனதுலயே போச்சு. அது ஒனக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "சோத்துக்கைப் பக்கம் ஆவணியிலயிருந்து இரையுது. வண்டு மாதிரி. பெரிய சத்தம் கேக்கும். சின்னது ஒண்ணும் கேக்கல."

"டாக்டர்ட்ட போனீங்களா?"

"போனேன். திரும்பி வராதுன்னாரு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லி? காது போன பாஸ்கிட்ட எவன் காரு கொண்டாருவான்?"

"போன மாசமே சந்தேகம் எனக்கு," என்றாள் சவரியம்மா. "கோயில்ல ஃபாதர் என்னமோ சொல்லி எல்லாரும் சிரிச்சாங்களே, அவுங்க சிரிச்சி முடிச்சப் பொறகு நீங்க சிரிச்சீங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தார். அவள் அவருடைய தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். இல்லாவிட்டால் அடுத்துச் சொல்வது அவருக்கு எட்டாது.

"இந்தக் காரு சத்தம் கீழயிருந்து வரல. முன்னுக்கிருந்து வருது."

"நீ என்னா கண்ட? நான் கையில உணர்ந்தேன். அடியில குத்துது."

"நீங்க உணர்ந்தீங்க. நா கேட்டேன். சல்லடை மெசின்ல பெல்ட் அந்துரப் போவுதுன்னா, ஃபேக்டரி ஐயா வந்து பாக்குறதுக்கு முந்தி நா சொல்லுவேன். ஸ்டார்ட் பண்ணுங்க, இன்னொருக்காக் கேப்போம். தப்புன்னா நா போயி சோறு வைக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் டின்னைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "அந்தக் கதிரையக் கொண்டாந்து போடு," என்றார்.

இஞ்சின் ஓடத் தொடங்கியது. சவரியம்மா மட்கார்டுக்குப் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்தாள். நோபர்ட் அவளுக்கு எதிரே நின்றுகொண்டார். அவருக்கு ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு பிளக்காக ஸ்குரூ ட்ரைவரால் தொட்டு, அந்தச் சிலிண்டரை மட்டும் அணைத்துப் பார்ப்பது. பிக் என்ட் போயிருந்தால், அந்தச் சிலிண்டர் அணைந்ததும் இடி குறைந்துவிடும்.

"சத்தம் மாறுனா கையத் தூக்கு. வேற ஒண்ணும் செய்யாத."

முதலாவது பிளக். இஞ்சின் தடுமாறியது. அவள் கை மடியிலேயே இருந்தது. இரண்டாவது. மூன்றாவதில் அவர் நெடுநேரம் பிடித்து நின்றார். அவள் கை அசையவில்லை. நாலாவதும் அப்படித்தான்.

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன். இஞ்சின் நொண்டுது, அது வேற. இந்தச் சத்தம் அது பாட்டுக்கு அப்புடியேதான் இருக்கு."

நோபர்ட்டின் நெற்றி சுருங்கியது. பிறகு மெல்ல விரிந்தது. பல நாட்களுக்குப் பிறகு அவருக்கு வேலையில் ருசி தட்டியது. கிளட்சை மிதித்துப் பார்த்தார். மாற்றமில்லை. வேகத்தைக் கூட்டினார்.

"இப்ப?"

"இல்ல. நின்னுருச்சி."

காலை எடுத்தார். அவள் உடனே கையைத் தூக்கினாள். "வந்துருச்சி."

"பிக் என்ட்டா இருந்தா வேகம் கூடக்கூட அடிக்கணும்," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. இஞ்சினை நிறுத்தி, பேன் பெல்ட்டைக் கழற்றினார். இப்போது டைனமோவும் தண்ணிப் பம்பும் சுற்றாது. மறுபடி ஸ்டார்ட் பண்ணினார்.

"இப்ப கூடுதலாக் கேக்குது," என்றாள். அப்படியென்றால் சத்தம் அவை இரண்டிலும் இல்லை.

வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் பிடிக்கிற ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி அவள் கையில் கொடுத்தார். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை இஞ்சின் நெடுகக் கொண்டுபோனாள். அடிப்பக்கம் போனதும் தலையாட்டி மறுத்தாள். பக்கவாட்டில் மறுத்தாள். முன்பக்கம் ரேடியேட்டருக்குக் கீழே போனதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள்.

"இங்கதான்."

"எப்புடிக் கேக்குது? சொல்லு. இரும்பால இரும்புல ஓங்கி அடிச்சாப்புலயா?"

அவள் யோசித்தாள். "இல்ல. இடிக்கிற சத்தம் இல்ல. உரலுக்குள்ள உலக்கைய விட்டுட்டு, புடிய லேசா ஆட்டுனா விளிம்புல படுமே, அந்தச் சத்தம். என்னமோ ஒண்ணு எடம் பத்தாம ஆடல. எடம் கூடிப்போயி ஆடுது."

நோபர்ட் இஞ்சினை நிறுத்தினார். காரின் முன்னால் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். கிராங்கின் முனையில் இருக்கும் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அது ஆடியது. ஒரு மயிரிழை. பெல்ட்டைச் சுற்றுகிற அந்தச் சக்கரம் கிராங்கோடு ஒன்றாய் இறுகியிருக்க வேண்டும். அதை இறுக்கிப் பிடிக்கும் பெரிய நட்டை விரலால் தடவினார். நட் கழன்றுவிடாமல் இருக்க, அதன் அடியில் ஒரு தகட்டு வொஷர் இருக்கும். அதன் நாக்கை மடித்து நட்டோடு ஒட்டத் தட்டிவிட வேண்டும்.

நாக்கு மடிக்கப்படவில்லை. தட்டையாகக் கிடந்தது.

அவர் அடியிலிருந்து வெளியே வர நேரமாயிற்று. சவரியம்மா குனிந்து பார்த்தாள். அவர் மல்லாந்தபடி ஒன்றும் செய்யாமல் கிடந்தார்.

"என்னாங்க?"

அவருக்கு அவள் உதடு தெரிந்தது. "இது நான் பூட்டுனது," என்றார். "ஆவணியில டைமிங் செயின் மாத்தும்போது இதக் கழட்டுனேன். அன்னைக்கித்தான் காதுக்குள்ள இரைய ஆரம்பிச்சிச்சி. வேலைய அப்புடியே விட்டுட்டு உள்ளுக்கு வந்து படுத்தேன். எந்திரிச்சி வந்து நட்ட இறுக்குனேன். நாக்க மடிக்கல."

எண்பத்து மூன்று ஜூலையில் டவுன் எரிந்த அன்று, இதே காரில் வந்து இவர்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனவன் முத்துவீரன். பதினாலு நாள் அவனுடைய லயத்துக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், படுத்துக் கிடந்தார்கள். காத்தாயிதான் நோபர்ட்டின் காதில் வடிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டாள். நோபர்ட் எழுந்து ஸ்பானரை எடுத்தார்.

பகல் முழுவதும் வேலை நடந்தது. ரேடியேட்டரைக் கழற்றி, புல்லியை உருவி எடுத்தார். கிராங்குக்கும் புல்லிக்கும் நடுவில் செருகியிருக்கும் சின்னச் சாவிக்கட்டை ஒரு பக்கம் நசுங்கிப் போயிருந்தது. நல்ல இரும்பில் ஒரு துண்டு வெட்டி, அரத்தால் ராவி, புதிதாக ஒன்று செய்தார். ராவுவதும் பொருத்திப் பார்ப்பதும் மறுபடி ராவுவதுமாய் இரண்டு மணி நேரம். அந்த வேலைக்குக் காது தேவைப்படவில்லை. விரல் நுனி போதுமாயிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை இருட்டியதும் சவரியம்மா டோர்ச்சைப் பிடித்தாள். கடைசியில் புதிய வொஷரின் நாக்கை மடித்து, நாலு தட்டுத் தட்டினார். அவள் கையையும் பிடித்து அதன் மேல் வைத்து, "பாரு," என்றார்.

அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டசம்பலும் சாப்பிடும்போது, "வேற ஒரு சின்னக் கோளாறு, கண்டுபுடிச்சி சரி பண்ணிட்டேன்னு சொல்லிருவேன்," என்றார்.

"சொல்லுங்க."

"காதப் பத்தி..."

"அது ஒங்க காது," என்றாள். கிழங்கை உடைத்து அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் முத்துவீரன் வந்தான். கூடவே பொன்னையா. வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, கையில் ஒரு தோல் பை. முத்துவீரன் சவரம் பண்ணியிருக்கவில்லை. காரின் பக்கம் பார்க்காமலே நின்றான்.

"காரு சரியாப் போச்சு," என்றார் நோபர்ட். "விக்க வேண்டாம்."

கையை நீட்டிக் காரை ஸ்டார்ட் பண்ணினார். இஞ்சின் ஒரே சீராக ஓடியது. முத்துவீரன் பொனட்டின் மேல் கையை வைத்துக் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் சந்தோஷமில்லை.

பொன்னையாதான் முதலில் பேசினார். "ரெண்டு நாளைக்கி முந்தி பிக் என்ட் போச்சு, கிராங்கு போச்சுன்னாரு. ஒரே நாள்ல எந்தக் கண்டியிலயிருந்து கிராங்கு வந்துச்சி? நல்ல காரக் கெட்டதுன்னு சொல்லி, வெல எறங்குனதும் தன் ஆளுக்குத் தட்டிவுடப் பாத்திருப்பாரு. நான் வந்து நின்னதும் மாத்திப் பேசுறாரு. இந்த வேலையெல்லாம் நானும் பாத்திருக்கேன் தம்பி."

நோபர்ட்டுக்கு அது கேட்கவில்லை. முத்துவீரனின் முகம் கறுத்ததை மட்டும் கண்டார்.

"பாஸ்," என்றான் முத்துவீரன், தரையைப் பார்த்தபடி. "ரெண்டு நாளாக் காத்தாயி ஒரு வாய் சோறு திங்கல. நான் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வாசல்ல போயி நின்னுட்டு வந்தேன், பேர் பதியச் சொல்லி. நீங்க பிக் என்ட்னு சொன்ன ஒரு சொல்லுக்கு. இப்ப ஒண்ணுமில்லங்கிறீங்க. நடுவுல என்னா நடந்துச்சி?"

நோபர்ட் சவரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவர் முன்னால் வந்து நின்று, இரண்டு பேர் சொன்னதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். பொன்னையா சொன்னதையும்தான். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

கள்ளன் என்று பெயர் வாங்குவதா, செவிடன் என்று பெயர் வாங்குவதா என்று அவர் நின்றது கொஞ்ச நேரம்தான். உள்ளே போய் ஒரு தகர மூடியை எடுத்து வந்தார். அதில் தட்டையான பழைய வொஷரும் நசுங்கிய சாவிக்கட்டையும் இருந்தன. முத்துவீரனின் உள்ளங்கையில் வைத்தார்.

"எனக்குக் காது கேக்கல, முத்துவீரன்," என்றார். "ரெண்டும். ஆவணியிலயிருந்து. வியாழக்கெழம ஒன் காரு சத்தம் எனக்குக் கேக்கவேயில்ல. கையில தட்டுப்பட்டத வச்சி ஊகமாச் சொன்னேன். அது தப்பு. அதுக்கு முந்தி, இந்த நாக்க மடிக்காம பூட்டுனதும் நான்தான். அந்தச் சத்தமே நான் போட்டது. கண்டுபுடிச்சது இவ."

கொக்கோ இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பொன்னையா குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார்.

"செவிட்டு பாஸா," என்றார், யாரிடமும் சொல்லாததுபோல. "நல்லாயிருக்கு."

முத்துவீரன் வொஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபம் அவனுக்கு அப்போதுதான் வந்தது. "எனக்குமா பாஸ்?" என்றான். "ஊருக்கு மறைச்சீங்க, சரி. எனக்குமா மறைக்கணும்?"

அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னான். நோபர்ட்டுக்குப் புரிந்தது.

முத்துவீரன் காரின் முன்கதவைத் திறந்தான். "அக்கா, ஏறுங்க. எல்கடுவ வரைக்கும் போயி வருவோம். ஏத்தத்துல இழுத்துப் பாக்கணும். நீங்க சரின்னு சொன்னா சரி."

சவரியம்மா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். நோபர்ட் பின்னால் உட்கார்ந்தார். பொன்னையா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

ரோட்டில் வளைவுக்கு மேல் வளைவு. கீழே மிளகுக்கொடி சுற்றிய மரங்கள் போய், மேலே தேயிலை தொடங்கியது. மூன்றாவது வளைவில் பட்டாளத்துப் பொடியன் ஒருவன் காரை நிறுத்தி அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முத்துவீரன் அவன் கேட்டதற்கெல்லாம் சிங்களத்தில் பதில் சொன்னான். சவரியம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இஞ்சினையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குச் சுகமில்லையா?" என்று சிங்களத்தில் கேட்டான் அவன்.

"காருக்குத்தான் சுகமில்ல. அவுங்க பாத்துக்கிட்டு வர்றாங்க," என்றான் முத்துவீரன். பொடியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை வீசிப் போகச் சொன்னான்.

ஏற்றத்தில் இரண்டாவது கியரில் கார் இழுத்தது. சவரியம்மா கண்ணைத் திறந்தாள்.

"அந்தச் சத்தம் இல்ல. மேலுக்கு ஊசி மெசின் தைக்கிறாப்புல சன்னமா ஒண்ணு கேக்குது."

நோபர்ட் பின்சீட்டிலிருந்து அவள் தோளைத் தொட்டார். அவள் திரும்பி, அதையே அவருக்குச் சொன்னாள்.

"வால்வு டெப்பட்டு," என்றார் உடனே. "கொஞ்சம் கூடுதலா எடைவெளி. பத்து நிமிச வேல. பயமில்ல."

முத்துவீரன் முதல் தடவையாகச் சிரித்தான். "கேக்குறது ஒருத்தரு, சொல்றது ஒருத்தரு," என்றான்.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காத்தாயி மலையிலிருந்து மத்தியானக் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். கார் சத்தம் கேட்டு ஓடி வரவில்லை. கூடையோடு அப்படியே நின்று, கார் வந்து நிற்கிறவரை பார்த்தாள். பிறகு கூடையை இறக்கிவைத்துவிட்டு, வந்தவர்களுக்கு ரொட்டி சுடப் போனாள்.

பொன்னையா சும்மா இருக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் மாத்தளை டவுனில் கார் வைத்திருந்த எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு கிழமை அந்த முற்றத்தில் ஒரு கார் வந்து நிற்கவில்லை. ஒரு சைக்கிளும் ஒரு தண்ணிப் பம்பும் வந்தன. நோபர்ட் ஸ்பானர்களையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி அடுக்கினார். சவரியம்மா ரப்பர் குழாயில் இன்னொரு முழம் வெட்டி, காதில் உறுத்தாமல் முனையை மழுக்கிக்கொண்டிருந்தாள். "வருவாங்க," என்று ஒருநாள் சொன்னாள். எதை வைத்துச் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை.

மூன்றாம் வாரத்துத் திங்கட்கிழமை, ஜுனைதா டீச்சரின் ஒஸ்டின் வந்தது. வாப்பா விட்டுப்போன காரைத் தானே ஓட்டுகிறவர் அவர். முத்துவீரன்தான் அனுப்பியிருந்தான். முற்றத்தில் நிறுத்திவிட்டு அவர் இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, காரின் முன்னால் வந்து நின்ற சவரியம்மாவைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நோபர்ட் கையைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"பாஸுக்குக் காது கேக்காதாமே?" என்றார் டீச்சர்.

"ஆமா, கேக்காது," என்றாள் சவரியம்மா. "எனக்குக் கேக்கும். இஞ்சின நிப்பாட்டாதீங்க டீச்சர். பொனட்டத் தெறந்து விடுங்க."